கடலடிச் சேற்றில் யார் கணக்கு?

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது நம் வீட்டுப் பொடிசுகளுக்கும் தெரியும். அப்படியென்றால் கடலின் அடியில் கிடக்கும் சேற்றில் பெட்ரோலியம் எப்படி வந்தது? அதை அங்கே சேர்த்தது யார்? முதல் கேள்வி விஞ்ஞானம். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வழக்கு, நஷ்டஈடு, மீனவர் பிழைப்பு எல்லாம் இருக்கிறது.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். வேதியியல் என் துறை இல்லை. ஆனால் யார் பேரில் பற்று எழுதுவது என்பது என் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பதிவு :)

நம்ம சென்னையிலிருந்தே ஆரம்பிப்போம்.

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் கரைக்கு அருகே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் தீப்பிடித்து, சுமார் 3.5 லட்சம் காலன் மண்ணெண்ணெய் போயிற்று. அதற்கப்புறம் கில்லாடியான ஆளைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்று சொல்கிற அளவுக்கு அந்த ஒரு ராத்திரி நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. ஆனால் மண்ணெண்ணெய் இலேசான சரக்கு. எரியும், ஆவியாகும், சீக்கிரம் கலைந்துவிடும். பேர் நிலைத்த அளவுக்கு அதன் எண்ணெய் நிலைத்திருக்க வழியில்லை.

நிலைத்து நிற்கக்கூடிய சரக்கு சத்தமில்லாமல் வந்தது. மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. 1969-ல் மணலியில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஆலை ஓட ஆரம்பித்தது (இன்றைய சி.பி.சி.எல். அதுதான்). 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. அப்புறம் திருவொற்றியூர், எண்ணூர்க் கரையெல்லாம் கறுப்பானது. கொட்டியது கப்பல் எஞ்சினுக்கான கனமான ஃபர்னஸ் ஆயில். அளவு சுமார் 250 டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். உறிஞ்சும் இயந்திரங்களால் அந்தக் கெட்டிக் குழம்பை இழுக்க முடியாமல், கடைசியில் மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. இந்தமுறை பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வெள்ள நீரோடு வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குழாய்க் கசிவு எதுவும் இல்லை என்றது ஆலைத் தரப்பு. படகும் வலையும் பாழாகி நின்றவர்களுக்கு அந்த வாதப் பிரதிவாதம் எத்தனை நீளமாகத் தெரிந்திருக்கும்!

சரி, மிதக்கிற எண்ணெய் எப்படி அடிக்குப் போகிறது? இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் கெட்டியாகிறது. அதில் மணலும் களிமண்ணும் ஒட்டி எடை ஏறுகிறது. கரைக்குக் கரை அலையடித்து மணலுக்குள் புதைகிறது. பிராணவாயு குறைந்த சேற்றுக்குள் போய்விட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகிவிடும். அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத்தில் 1969-ல் ஃப்ளோரிடா என்ற பார்ஜ் தரைதட்டி டீசல் போன்ற எண்ணெய் கொட்டியது. முப்பது வருஷம் கழித்து அந்தச் சதுப்பைத் தோண்டினால், எண்ணெய் இன்னும் உள்ளே இருந்தது.

அந்தச் சேற்றை ஒரு பேரேடு மாதிரிப் படிக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குழாயை இறக்கி அடுக்குக் குலையாமல் சேற்றை எடுக்கிறார்கள். மேலே புதுசு, கீழே பழசு. ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் சுமார் 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதை வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் தேதி போடலாம்.

அடுத்து, யார் போட்ட சரக்கு என்று பார்க்க வேண்டும். எரியாத எண்ணெயில் இரண்டு, மூன்று வளையங்கள் கோத்த ஹைட்ரோகார்பன்கள் தூக்கல். வண்டிப் புகை, கரிப்புகை மாதிரி எரிந்து வந்ததில் நான்கு முதல் ஆறு வளையக்காரர்கள் அதிகம். இலை மெழுகிலிருந்து வந்ததென்றால் கார்பன் எண்ணிக்கை 27, 29, 31 என்று ஒற்றைப்படையே மிகுந்திருக்கும். பெட்ரோலியத்தில் அந்த ஒற்றை-இரட்டைப் பாகுபாடு அநேகமாக இருக்காது. இதுபோக, ஹோப்பேன் என்ற எளிதில் சிதையாத சேர்மங்களின் விகிதம் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கிட்டத்தட்டக் கைரேகைதான்.

ஆனால் பேரேட்டில் ஆரம்ப இருப்பு எழுதாவிட்டால் என்ன ஆகும்? அலாஸ்காவில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. கம்பெனி தரப்பு விஞ்ஞானிகள், கடலடிச் சேற்றில் காலங்காலமாகவே எண்ணெய் இருக்கிறது, அது இயற்கை ஊற்றுகளிலிருந்து கசிந்தது என்றார்கள். அரசுத் தரப்பு விஞ்ஞானிகளோ அதில் பெரும்பகுதி நிலக்கரித் துணுக்கு, அதற்குள் பூட்டிக் கிடக்கும் ஹைட்ரோகார்பனால் உயிர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்றார்கள். பார்வைக்கு இது பேராசிரியர்கள் சண்டை. உண்மையில் பணச் சண்டை. அங்கே உள்ள உயிர்கள் ஏற்கெனவே எண்ணெயில் ஊறியவை என்றால், புதிதாகக் கொட்டியவரின் பொறுப்பு குறைகிறதே!

எண்ணூரிலும் இதே கேள்வி வரலாம். கடலில் சேர்வதெல்லாம் விபத்து எண்ணெயும் இல்லை. அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2003-ல் உலகக் கணக்கு ஒன்று போட்டது. வருஷத்துக்குச் சுமார் 13 லட்சம் டன். அதில் ஏறக்குறைய 6 லட்சம் டன் இயற்கை ஊற்று. நாம் எண்ணெயைப் பயன்படுத்தும்போது சிந்துவது சுமார் 4.8 லட்சம். கப்பல் போக்குவரத்துக்கு 1.5 லட்சம்தான். 2022-ல் வந்த அடுத்த அறிக்கை, வட அமெரிக்காவில் நிலத்திலிருந்து வழிந்தோடி வரும் எண்ணெய் பழைய மதிப்பீட்டைப்போல் 20 மடங்கு வரை இருக்கலாம் என்றது.

நிலம் என்றால் கடலோரம் மட்டும் இல்லை. நான் இருக்கும் தொம்மலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை பெய்தால் ரோட்டில் சிந்திய எஞ்சின் ஆயிலும் டயர்த் தூளும் ராஜகால்வாயில் இறங்கி பெல்லந்தூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அதற்கப்புறம் நம்ம தென்பெண்ணை! ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வண்டலில் பெரும்பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பெருவெள்ளத்தில் தப்பிப் போகிறது கடலூர்க் கடலுக்குத்தான். பெங்களூரில் இருந்துகொண்டு நமக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது.

இதைக் காரணம் காட்டி, எல்லாரும்தான் கொட்டுகிறார்கள், யாரைக் கேட்பது என்று விட்டுவிடவும் கூடாது. ஆயிரம் சில்லறை வரவு இருக்கிற கணக்கிலும் பெரிய தொகையைப் போட்டவர் பெயரைக் கண்டுபிடிக்கத்தான் செய்கிறோம். கழிமுகத்திலும் துறைமுக வாயிலிலும் காசிமேட்டிலும் குறிப்பிட்ட இடங்களில், சில வருஷத்துக்கு ஒருமுறை சேறு எடுத்து, வளையக் கணக்கும் ஹோப்பேன் விகிதமும் பார்த்து, எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். விபத்துக்கு அப்புறம் ஓடிப்போய் எடுக்கிற மாதிரி, விபத்துக்கு முந்தைய நிலவரத்தைச் சொல்லாது. அடுத்த கப்பல் மோதும் முன்பே அந்த ஆரம்ப இருப்பு எழுதப்பட்டிருந்தால், எண்ணூர் மீனவர் நஷ்டஈடு கேட்கும்போது "இது முன்பே இருந்ததப்பா" என்று யாரும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

நம் பங்குக்கு, அடுத்த தடவை வண்டியை சர்வீஸ் விடும்போது, பழைய ஆயிலை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.