மலையில் பழகி, கீழே ஓடுவது: முதல் 10 கிலோமீட்டருக்குத் தயாராவோர் கவனத்திற்கு

கம்போங் ராஜா: கேமரன் மலையில் வளர்ந்தவர்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. தேயிலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கியவர்களுக்கும், காய்கறித் தோட்டத்து மேட்டில் தினமும் நடப்பவர்களுக்கும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது பெரிய காரியமே அல்ல. ஆனால் முதன்முறையாக 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் பதியும் மலைவாசி பெரும்பாலும் தடுமாறுவது மூச்சில் அல்ல. ஒன்று, பயிற்சி தொடங்கிய நான்காவது, ஐந்தாவது வாரத்தில் முழங்காலிலோ கெண்டைக்காலிலோ வலி வந்துவிடும். அதைத் தாண்டிவிட்டால், போட்டி நாளன்று ஈப்போவின் அல்லது கோலாலம்பூரின் புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். இந்த இரண்டையும் சமாளிப்பது எப்படி என்பதே இங்கே முக்கியம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'ஜோகிங்' என்பதை நம் நாட்டுத் தமிழில் 'மெதுவோட்டம்' என்கிறோம். பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை ஓடவிடும் 'மெரெந்தாஸ் டேசா'வுக்குக் குறுக்கோட்டம் என்று பெயர். குறுக்கோட்டத்தை எல்லாரும் ஓடியிருக்கிறோம். விசில் ஊதியதும் தலைதெறிக்க ஓடி, பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் பெரியவர்களான பிறகும் போவதில்லை. முதல் நெடுந்தூரப் போட்டிக்கான பயிற்சி முழுவதும் 'மெதுவோட்டம்' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். கடிகாரமோ கைப்பேசிச் செயலியோ இல்லாதவர்களுக்கும் இந்த அளவுகோல் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: 1990-களில் மலேசிய நெடுந்தூர ஓட்டத்தின் அடையாளமாக இருந்த எம். இராமச்சந்திரன், 1994-ல் 10,000 மீட்டரை 29 நிமிடம் 30.19 விநாடியில் ஓடினார். பல ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்த அந்தத் தேசியச் சாதனையைக் கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏழு, எட்டு நிமிடம் ஆவது முற்றிலும் இயல்பு. 10 கிலோமீட்டரை 75 அல்லது 80 நிமிடத்தில் முடித்தால் நல்ல தொடக்கம்.

பன்னிரண்டு வாரம்

நடையும் ஓட்டமும் கலந்த பயிற்சி உலகெங்கும் பரவக் காரணமானவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஜோஷ் கிளார்க். ஓடியே பழக்கமில்லாதவர்கள் ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓடுவதற்காக 1996-ல் அவர் ஒரு திட்டம் வகுத்தார். 10 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். அடுத்தடுத்த நாள்களில் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மொத்தம் 24 நிமிடம். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். அப்படித் தோன்றுவது நல்லது. நான்காம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை. ஆறாம், ஏழாம் வாரங்களில் ஐந்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. மூன்று நாள்களில் ஒன்றை மட்டும் நீண்ட நாளாக வைத்துக்கொண்டு 3 கிலோமீட்டரில் தொடங்கி, பதினோராம் வாரத்தில் 8 அல்லது 9 கிலோமீட்டர் வரை கொண்டு போகலாம். பத்தையும் முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. நான்கு வாரத்திற்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். கடைசி வாரத்தில் பாதி அளவு போதும்.

தோட்ட வேலை செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. நாள் முழுக்க சரிவில் நின்று வேலை செய்த காலுக்கு அதுவே பயிற்சிதான். அன்று மாலையே நீண்ட ஓட்டம் ஓட வேண்டாம். விடுமுறை நாள் காலை அதற்குப் பொருத்தம்.

கால் ஏன் வலிக்கிறது

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படி அல்ல. அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்லும் நேரத்தில் கால் தயாராக இருக்காது. மூச்சு ஏற்கெனவே நன்றாக இருக்கும் மலைவாசிகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால்தான் நான்காம், ஐந்தாம் வாரத்து வலி.

வாரத்திற்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடக்கும் நான்கு மைல் ஓட்டத்திற்குத் தயாரான 532 புதியவர்களை வைத்து இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு 13 வாரத்தில் படிப்படியான பயிற்சி, மற்றொரு குழுவுக்கு 8 வாரத்தில் வழக்கமான பயிற்சி. இரு குழுவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. பத்து விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது என்பது அதிலிருந்து தெரிகிறது. வலியைக் கவனிப்பதுதான் உதவும். இரண்டு காலிலும் பரவலாக இருந்து, நடக்க நடக்கக் குறையும் வலி என்றால் பயப்பட வேண்டாம். விரலால் தொட்டுக்காட்டக்கூடிய ஓர் இடத்தில், ஓட ஓட அதிகரிக்கும் வலி என்றால் அன்றே நிறுத்திவிட்டு ஒரு வாரம் நடையோடு விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இறக்கம் கம்போங் ராஜாவுக்கே உரிய சிக்கல். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் நாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். இறக்கத்தில் உடல் தானாக உருளும். ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். அந்த வேலைதான் தசை நார்களைச் சிதைக்கிறது. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் லயத்துப் படியில் இறங்கும்போது தெரியும். ஆகவே, முதல் ஆறு வாரம் இறக்கத்தில் நடந்தே வாருங்கள். பிறகு ஓடினாலும் அடியைக் குறுக்கி வையுங்கள்.

சமதரை கிடைப்பது இங்கே அரிது. பள்ளித் திடலில் அனுமதி பெற்று ஓடுவது நல்லது. 400 மீட்டர்ச் சுற்று என்றால் 25 சுற்றில் 10 கிலோமீட்டர். சலிப்புத் தட்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாக இங்கு வரும் 59-ஆம் எண் சாலையோடு ஒப்பிட்டால் திடலே மேல். வளைவு, மூடுபனி, காய்கறி லோரி, பள்ளி விடுமுறை என்றால் சுற்றுலாப் பயணிகளின் கார்கள். ஒதுங்க ஓரமே இல்லாத இடங்கள் பல. சாலையில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்புறம் ஓடுங்கள். ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் பாட்டு வேண்டாம். தோட்டப் பாதைகளில் மருந்து அடிக்கும் நேரத்தைத் தவிருங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்துவிடுங்கள். ஓடினால் அதுவும் ஓடிவரும். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவதே இங்கே வழக்கம், அதுவே நல்லதும்கூட. பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் ஊர் என்பதால் காலை நேரமே தோது.

காலணிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அதே சமயம் விலை கூடியதுதான் நல்லது என்றும் இல்லை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருப்பதாக வாங்குங்கள். புதுக் காலணியைப் போட்டியன்று முதன்முதலாக மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தொடங்குமுன் ஒரு பரிசோதனை

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள், படியேறும்போது நெஞ்சு இறுகுபவர்கள் ஆகியோர் ஓடத் தொடங்குமுன் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், ஓடும் நாளில் அதை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புழுக்கம் என்னும் எதிரி

'உயரத்தில் பயிற்சி எடுத்தவன் கீழே பறப்பான்' என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. ஓட்ட வீரர்களுக்குப் பேர்போன கென்யாவின் இத்தேன் 2,400 மீட்டரில் இருக்கிறது. நம் மலையால் கிடைக்கும் அனுகூலம் சிறியது. ஆனால் நம் மலைக்குளிரில் பழகிய உடல் கீழே போனதும் திணறுவது சிறியதல்ல.

விடியுமுன்பே போட்டி தொடங்கினாலும் கோலாலம்பூரில் அந்நேரத்திலேயே 25 பாகை வெப்பம் இருக்கக்கூடும். அதைவிடக் கெட்டது ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது காயாமல் சொட்டும், உடல் சூடேறிக்கொண்டே போகும். வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகிய உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும்.

எல்லாராலும் இரண்டு வாரம் கீழே போய்த் தங்க முடியாது. போட்டிக்கு முந்தைய மூன்று, நான்கு வார இறுதிகளில் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கி, டி.ஆர். சீனிவாசகம் பூங்காவிலோ போலோ திடலிலோ நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு வரலாம். சமதரையும் கிடைக்கும். அதற்கும் வழியில்லாதவர்கள் கடைசி இரண்டு வாரம் காலை ஓட்டத்தை வெயில் ஏறிய பிறகு வைத்து, மேலே ஒரு சட்டை கூடுதலாகப் போட்டு மெதுவாக ஓடலாம். தலைசுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும். இது பாதிப் பலன்தான். ஆகவே போட்டியன்று, மலையில் ஓடிய வேகத்திலிருந்து கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது குறைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரில் யாரையும் முந்த வேண்டாம். தண்ணீர்ச் சாவடியில் நடந்தபடி, தாகத்திற்கு ஏற்பக் குடியுங்கள். வயிற்றில் தளும்பும் அளவுக்கு வேண்டாம்.

ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். 'கொஞ்ச தூரம்தானே, முடித்துவிடு' என்று யாரும் உற்சாகப்படுத்தக்கூடாது. நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 999-ஐ அழைக்க வேண்டும். மருத்துவக் குழு வரும்வரை காத்திருக்காமல் குளிர்விப்பதைத் தொடங்க வேண்டும். உயிர் பிழைப்பது அந்த முதல் நிமிடங்களைப் பொறுத்தது.

மற்றவை சின்ன விஷயங்கள். முந்தைய இரவும் போட்டியன்று காலையும் பழக்கமான உணவையே சாப்பிடுங்கள். இரண்டு துண்டு ரொட்டியும் மைலோவும் போதும், நாசி லெமாக் ஓடி முடித்த பிறகு. பெரிய போட்டிகளில் எண் அட்டையை முன்கூட்டியே நேரில் வாங்கச் சொல்வார்கள். கம்போங் ராஜாவிலிருந்து போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் ஓர் இரவுத் தங்கலுமாக ஆகிவிடும். நகரத்தில் உறவினர் யாராவது கடிதம் காட்டி வாங்கித் தர ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கிறார்களா என்று பெயர் பதியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் போட்டியை ஈப்போவில் வைத்துக்கொண்டால் செலவு குறையும். ஓடி முடித்த மறுநாள் சரிவில் வேலை இருந்தால், விடுப்புக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.