சென்னை மாகாணச் சட்டமன்ற நடைமுறை (1937–1950)

சென்னை மாகாணச் சட்டமன்றம் என்பது 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1937 முதல் இயங்கிய ஈரவைச் சட்டமன்றம் ஆகும். ஆளுநர் வழியாகச் செயல்படும் பிரித்தானிய மன்னர், கீழவையான சட்டப் பேரவை, மேலவையான சட்ட மேலவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே சட்டமன்றம் என அச்சட்டம் வரையறுத்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அக்காலத்தில் இம்மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995 இலும், அரியலூர் 2007 இலும் தனி மாவட்டங்களாயின.

அவைகளின் அமைப்பு

பேரவையில் 215 உறுப்பினர்கள் இருந்தனர். அதன் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். மேலவையில் 54 முதல் 56 உறுப்பினர்கள் வரை இடம்பெற்றனர். இவர்களில் 46 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். மேலவை கலைக்கப்படாத நிலையான அவையாகும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். வாக்குரிமை சொத்து, கல்வி முதலிய தகுதிகளுக்கு உட்பட்டிருந்தது. மேலவைக்கான தகுதி இன்னும் உயர்வாக இருந்தது.

கூட்ட விதிகள்

பேரவை கூடுவதற்குக் குறைந்தது ஆறில் ஒரு பங்கு உறுப்பினர்களும், மேலவைக்குப் பத்து உறுப்பினர்களும் வருகை தந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அவையும் தன் நடைமுறை விதிகளைத் தானே இயற்றலாம். உயர்நீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையை ஆற்றும் முறை பற்றி அவையில் விவாதிக்கக் கூடாது. நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்பது பொது விதி. ஆயினும் ஆங்கிலம் போதிய அளவு அறியாதவர்கள் வேறு மொழியில் பேச இடமளிக்கப்பட்டது.

சட்டமுன்வரைவுகள்

நிதி சார்ந்த சட்டமுன்வரைவை ஆளுநரின் பரிந்துரையின்றிக் கொண்டுவர இயலாது. அதனை மேலவையில் தொடங்கவும் இயலாது. மானியக் கோரிக்கைகள் மீது பேரவை மட்டுமே வாக்களித்தது. பிற சட்டமுன்வரைவுகளுக்கு இரு அவைகளின் ஒப்புதலும் தேவை. பேரவை நிறைவேற்றி அனுப்பியது, மேலவைக்குக் கிடைத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் ஆளுநரின் இசைவுக்கு வராவிடில், ஆளுநர் கூட்டுக்கூட்டத்தைக் கூட்டலாம். அங்கு பெரும்பான்மை வாக்கே முடிவாகும். பேரவையின் எண்ணிக்கை மேலவையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பதால், மேலவையால் தாமதப்படுத்த முடிந்ததே தவிர, நிலையாகத் தடுப்பது அரிதாக இருந்தது.

மன்னரின் இசைவு

உண்மையான தடை இரு அவைகளுக்கும் வெளியே இருந்தது. ஆளுநர் மன்னர் பெயரால் இசைவளிக்கலாம், மறுக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பலாம் அல்லது தலைமை ஆளுநரின் முடிவுக்கு ஒதுக்கி வைக்கலாம். இசைவு பெற்ற சட்டத்தையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் மன்னர் நீக்கலாம்.

1937 தேர்தலில் காங்கிரசு பேரவையில் 159 இடங்களையும், மேலவையில் 27 இடங்களையும் வென்றது. இரண்டாம் உலகப் போரில் இந்திய மக்களைக் கலந்தாலோசிக்காமல் நாடு ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்து, இராசகோபாலாச்சாரி அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. ஆளுநர் 93 ஆம் பிரிவின்படி சட்டமன்ற அதிகாரங்களைத் தம்வசம் எடுத்துக்கொண்டார். 1946 வரை இந்நிலை நீடித்தது. அதுவரை மேற்கண்ட விதிகள் ஏட்டளவிலேயே இருந்தன.

பிற்காலம்

1950 சனவரி 26 இல் இந்தியா குடியரசானதும் மன்னரின் இடம் நீங்கியது. மேலவை தொடர்ந்தது; ஆனால் மாநிலங்களில் கூட்டுக்கூட்ட முறை கைவிடப்பட்டு, முதலில் மூன்று மாதங்களும், பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒரு மாதமும் மட்டுமே மேலவை தாமதப்படுத்தலாம் என ஆயிற்று. தமிழ்நாட்டில் மேலவை 1986 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டது.