பேகூர்க் கல்லில் ஓர் இளவீரன்

பொம்மனஹள்ளியில் குடியேறி இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே பேகூர் நாகேசுவரர் கோயிலுக்குப் போனேன். பக்கத்தில் இருப்பதைக் கடைசியாகப் பார்ப்பதுதானே நம் வழக்கம்! போகக் காரணம் அனிமேஷன் படிக்கும் என் அக்காள் மகன். "மாமா, நம்ம ஏரியாவுல ஒரு இளவரசன் கதை இருந்தா சொல்லுங்க, படம் பண்ணணும்" என்றான்.

அக்கோயிலில் கி.பி. 890-ஐ ஒட்டிய பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்றுண்டு. பெங்களூர்ப் போரில் நாகத்தரன் மகன் புட்டணன் மாண்டதை அது சொல்கிறது. நாகத்தரன் கங்கருக்குக் கீழ்ப்பட்ட தலைவன். பெங்களூர் என்னும் பெயருக்கு மிகப் பழைய சான்றும் இதுவே. எனவே போசள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி வெந்த பயறு கொடுத்ததால் வந்த பெயர் என்பது வெறும் கதை.

பையன் முதலில் வரைந்த புட்டணனுக்கு முறுக்கு மீசை, மார்புக் கவசம். "இது எந்த சினிமாவுல வந்தது?" என்றேன். சிரித்துவிட்டான். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். தந்தை நாகத்தரனின் வீரக்கல் அங்கேதான் வைக்கப்பட்டது. எரெயப்பனின் ஆணைப்படி அய்யப்ப தேவனுக்குத் துணையாகச் சென்று, தும்பெபாடியில் வீரமகேந்திரன் படையோடு பொருது மடிந்தவன் அவன். நம் செங்கம் நடுகற்களில் வீரன் பெரும்பாலும் தனித்து நிற்பான். இங்கோ யானையும் குதிரையும் காலாளும் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்குள் அவனைத் தேட வேண்டும். அனிமேஷன்காரனுக்கு வேறென்ன ஸ்டோரிபோர்டு வேணும்? ஆயுதம், கச்சை, சேணம் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கச் சொன்னேன். மிதிக் சொசைட்டியார் இவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் படியெடுத்திருப்பதும் அவனுக்கு உதவிற்று.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "புட்டணன் தமிழனா மாமா? சங்கத்துல கேப்பாங்களே."

"கல் கன்னடம்டா" என்றேன். மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியைக் குறிக்கிறது. "தமிழ் வேணும்னா அந்த ஏரியைக் காட்டு. புட்டணனை அவன் பாஷையிலேயே சாகவிடு."

இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கணினியைத் திருப்பிக் காட்டினான். புட்டணன் நமக்கு முதுகு காட்டிக் குதிரையேறுகிறான், முகமே இல்லை. அடுத்த காட்சியில் உளி, கல், எழுத்து.