மேற்றளத்து உழைப்பும் போரின் வரலாறும்

கனகராயன்குளம் என்னும் ஊர்ப்பெயரிலே ஒரு ராயனின் பெயர் நிலைத்துள்ளது. மண் சுமந்து குளக்கட்டை உயர்த்தியோரின் பெயர்களோ நிலைக்கவில்லை. வன்னிக் குளங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் இவ்வுண்மை நவீன போர் வரலாற்றுக்கும் பொருந்துவதாகும். கப்பலும் தளபதியும் விமானியும் ஏடுகளிற் பெயருடன் இடம்பெறுகின்றனர். விமானத்தை ஏவியும் மீட்டும் தொழிற்பட்டோர் 'மாலுமிகள்' என்ற பொதுச்சொல்லுள் அடங்கிவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பிரித்தானியர் கனகராயன்குளத்துக்குத் தெற்கேயுள்ள வவுனியாவிலும், திருகோணமலையின் சீனன்குடாவிலும் விமானத்தளங்களைப் பயன்படுத்தினர். தரையில் விமானம் ஓடி எழுவதற்கு நீண்ட பாதை உண்டு. விமானந்தாங்கிக் கப்பலின் மேற்றளத்தில் அஃது இல்லை. அக்குறையை ஈடுசெய்வது மனித உழைப்பே. கப்பல் காற்றை எதிர்த்து விரைய வேண்டும். 1950களிற் பயன்பாட்டுக்கு வந்த நீராவி ஏவுபொறியை இயக்குவோர் விமானத்தின் எடைக்கேற்ப விசையைக் கணித்தல் வேண்டும். விசை குறையின் விமானம் கடலில் வீழும். மிகின் அதன் உடற்சட்டம் சிதையும். இறங்கும் விமானத்தின் வாற்கொக்கி தளத்துக்குக் குறுக்கேயுள்ள வடத்தைப் பற்றுகையில், அதனைத் தடுத்து நிறுத்தும் பொறியும் அவ்வாறே எடையறிந்து அமைக்கப்படல் வேண்டும்.

இவ்வுழைப்பின் இன்றியமையாமையை 1942ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று எதிர்மறையாக உணர்த்துகின்றது. ஏப்பிரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கிய யப்பானிய விமானங்கள் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களின் தளங்களிலிருந்து எழுந்தவை. தாக்குதலை எதிர்பார்த்துத் திருகோணமலையை விட்டகன்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மீஸ்' தன் விமானங்களைக் கரையிலேயே விட்டுச் சென்றிருந்தது. 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அது மூழ்கடிக்கப்பட்டது. உயிரிழந்தோர் 307 பேர். கப்பல் இருந்தது, தளம் இருந்தது, தொழில் தெரிந்த கைகளும் இருந்தன. அவை தொழிற்படுவதற்குரிய விமானங்கள் மட்டும் இருக்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் வலிமை இரும்பில் அன்று, கருவியும் உழைப்பும் இணையும் உறவிலேயே தங்கியுள்ளது என்பது இதனாற் புலனாகும்.

1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரிலும் இவ்வுறவைக் காணலாம். இந்தியாவின் 'விக்ராந்த்' கப்பலின் கொதிகலன்களுள் ஒன்றில் வெடிப்பு இருந்தமையால் அதன் வேகம் குறைந்திருந்தது. வேகங் குறையின் தளத்தின்மீது வீசும் எதிர்க்காற்றும் குறையும்; விமானத்தை ஏவுதல் அரிதாகும். இருப்பினும் டிசம்பர் 4ஆம் திகதி முதல் அதன் விமானங்கள் கொக்ஸ் பசார், சிட்டாகொங் ஆகிய இடங்களைத் தாக்கின. கொதிகலனருகே நின்றவனும் மேற்றளத்தில் நின்றவனும் ஒரே உழைப்புச் சங்கிலியின் கண்ணிகள் என்பது இங்குத் தெளிவாகின்றது.

எனினும் இவ்வுழைப்பைப் போற்றுதலோடு நாம் அமைந்துவிட முடியாது. ஏவுவோன் விசையைக் கணிக்கின்றான். இலக்கை அவன் தீர்மானிப்பதில்லை. கருவி அவனுடையதன்று, அதன் விளைவை அவன் காண்பதுமில்லை. தன் உழைப்பின் பயனிலிருந்து உழைப்பாளி அந்நியமாதல் இங்கு அதன் கொடிய வடிவத்தை எய்துகின்றது. போர்விமானத்தைக் கீழிருந்தே அறிந்த வன்னி மக்களுக்கு இது வெறுங் கோட்பாடன்று. ஏவிய கைகளுக்கும் கீழே மாண்டோருக்கும் வரலாற்றேட்டிற் பெயரில்லை. அவ்விருசாராரையும் ஒருங்கே நோக்கி எழுதப்படும் வரலாறே மக்கள் வரலாறாக அமையும்.