கன்று பிறந்ததும் நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கலாமா? ஜெர்சி, ஹெச்.எஃப், நாட்டு மாடு... கன்றின் எதிர்ப்பு சக்தியில் என்ன வித்தியாசம்?

“நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் கன்றை ஊட்ட விடலாம்.” மாடு கன்று ஈன்ற வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு இது. ஆனால் இந்தக் காத்திருப்புதான் பல கன்றுகளின் உயிருக்கு ஆபத்தாக முடிகிறது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

எதிர்ப்பு சக்தி இல்லாமலே பிறக்கும் கன்று

மனிதக் குழந்தைக்குக் கருவில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடும். மாட்டுக்கு அப்படியில்லை. அதன் நஞ்சுக்கொடி அமைப்பு இந்தப் புரதங்களை உள்ளே விடாது. அதனால் கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது.

அந்தக் குறையை ஈடுகட்டுவது சீம்பால். அதில் உள்ள இம்யூனோகுளோபுலின் என்ற புரதம்தான் கன்றின் முதல் கவசம்.

24 மணி நேரத்தில் மூடும் கதவு

பிறந்த கன்றின் குடல், இந்தப் புரதத்தைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். இந்த வசதி முதல் சில மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். பிறகு வேகமாகக் குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். அதன் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு உணவுதான், ரத்தத்துக்குக் கவசம் இல்லை.

நஞ்சுக்கொடி விழ சில நேரம் 12 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை காத்திருந்தால் பாதி கதவு மூடிவிடும். உண்மையில் கன்று மடியில் ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின், கருப்பையைச் சுருங்க வைக்கும். அதாவது, கன்று ஊட்டுவது நஞ்சுக்கொடி விழவும் உதவும்!

இனத்துக்கு இனம் மாறும் சீம்பால்

1981-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் கறவைச் சீம்பாலில் இருந்த இம்யூனோகுளோபுலின் அளவு இனவாரியாக ஒப்பிடப்பட்டது. ஜெர்சியில் சராசரி 9 சதவீதம், அயர்ஷயரில் 8.1, பிரவுன் ஸ்விஸ்ஸில் 6.6, ஹோல்ஸ்டீனில் (நம்ம ஊரில் ஹெச்.எஃப்) 5.6 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 2 லிட்டர் சீம்பாலில் ஜெர்சி கன்றுக்குச் சுமார் 180 கிராம் கிடைக்கும். ஹெச்.எஃப் கன்றுக்குச் சுமார் 112 கிராம்தான். ஆனால் ஹெச்.எஃப் கன்றுதான் உடல் எடை அதிகம்! அதனால் அதற்குக் கூடுதல் சீம்பால் கட்டாயம் வேண்டும். பால் அதிகம் சுரக்கும்போது புரதம் நீர்த்துப்போவது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

அப்போ நாட்டு மாட்டுக் கன்றுக்குக் கவலையே இல்லையா?

சில நோய்களில் நாட்டு இனங்களுக்குப் பிறவியிலேயே பலம் உண்டு. உண்ணி மூலம் பரவும் தைலேரியா கிருமியை ஆய்வில் செலுத்தியபோது, ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடுமையாக நோயுற்றன. சாஹிவால் கன்றுகள் அதைத் தாங்கி மீண்டன. ஆனால் இது அந்த ஒரு நோய்க்கான கணக்கு. காங்கேயம் கன்றாக இருந்தாலும் உம்பளாச்சேரி கன்றாக இருந்தாலும் சீம்பால் கிடைக்காவிட்டால் கழிச்சலுக்கும் நிமோனியாவுக்கும் பலியாகலாம்.

நடுவில் ஒரு ஆபத்தான இடைவெளி

தாயிடம் இருந்து வந்த புரதம் ஏறத்தாழ 3 வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கன்றின் சொந்த எதிர்ப்பு சக்தி மெதுவாகத்தான் வளரும். இரண்டுமே குறைவாக இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் சிக்கலானவை. அதேநேரம், தாயின் புரதம் ரத்தத்தில் அதிகம் இருக்கும்போது தடுப்பூசி போட்டால் சரியாக வேலை செய்யாது. கோமாரி தடுப்பூசி 4 மாதத்தில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடு வளர்ப்போர் செய்ய வேண்டியது என்ன?

* கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கொடுக்கணும்.
* முதல் நாளில் குறைந்தது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர். அதில் பெரும்பங்கை முதல் 6 மணி நேரத்துக்குள்ளேயே கொடுப்பது நல்லது.
* ஊட்ட முடியாத கன்றுக்குக் கறந்து, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாகப் பால் புட்டியில் கொடுக்கலாம். கொதிக்க வைக்கக் கூடாது, புரதம் கெட்டுவிடும்.
* தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவணும்.
* தாய் இறந்துவிட்டாலோ பால் சுரக்காவிட்டாலோ, அதே நாளில் ஈன்ற வேறு மாட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம்.

வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பால் யாருக்குத்தான் பிடிக்காது? தாராளமாகச் செய்யலாம், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் கன்றின் பங்கு போக மீதியில்!