மருதியின் இடம்

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து 1,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுந்து, சமவெளிக்கு இறங்கிக் காவிரியில் கலக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே குளிக்க இறங்கியவன், பாறையில் கால் வழுக்கித் தண்ணீரோடு போனேன். நீந்தத் தெரியும் என்பது அந்த வேளையில் எதற்கும் உதவவில்லை. அன்னாசிப்பழம் விற்க வந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பெயர் கேட்கவில்லை. பிறகு நண்பர்களிடம் சொன்னபோது, நானே பாறையைப் பற்றிக் கரையேறியதாகத்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க வைத்தது பரணர்.

நற்றிணை 201இல் பரணர் கொல்லிப்பாவையைப் பாடுகிறார். காற்று மோதினாலும், மழை வேகமாய் அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் உரு கெடாத பாவை அது. தலைவி தன் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள் என்பதற்குத் தலைவன் காட்டும் உவமை. எதுவும் அசைக்க முடியாத ஒன்றைப் பாடிய அதே பரணர்தான், வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஒருவனையும் திரும்பத் திரும்பப் பாடினார். அவன் ஆட்டனத்தி.

செய்தி சுருக்கமானது. கழார்த் துறையில் கரிகாலன் பார்த்திருக்கப் புனலாட்டு நடக்கிறது. அத்தியைக் காவிரி கொண்டு போகிறது. ஆதிமந்தி நாடு நாடாக, ஊர் ஊராக அவனைக் கண்டீர்களா என்று கேட்டு அலைகிறாள். அகநானூற்றில் 76, 222, 236, 376 என்று பல பாட்டுகளில் இது சிதறிக் கிடக்கிறது. வெள்ளிவீதியாரும் 45ஆம் பாட்டில் தொடுகிறார். எங்கும் இது கதையாகச் சொல்லப்படவில்லை. வேறொருத்தியின் துயரத்துக்கோ வேறொருவனின் நடத்தைக்கோ உவமையாகத்தான் வருகிறது. கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் உவமை நிற்கும். ஆகவே ஒரு சம்பவம் மக்கள் நினைவில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு, வரிசையாகச் சொன்ன வரலாற்றைவிட இந்த உவமைகளே நல்ல சாட்சி.

222ஆம் பாட்டில் இன்னொரு பெயர் வருகிறது: மருதி. ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலில் புகுந்தவள். பாடல் பெற்ற சிறப்புடையவள் என்று அவளுக்கு அடைமொழி. அந்தப் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஏன் கடலில் புகுந்தாள் என்று பரணர் சொல்லவில்லை. அவளுக்கும் அத்திமேல் காதல் என்று பின்னால் வந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

வெள்ளம் கடலுக்குள் இழுத்துப்போன மனிதன் பிழைப்பது நடக்கக்கூடியதே. முகத்துவாரத்தைத் தாண்டியதும் ஆற்றின் வேகம் தளரும். இழுப்பை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துகிறவன் களைத்து மூழ்குகிறான். மிதந்துகொண்டே பக்கவாட்டில் விலகுகிறவனுக்கு வழியுண்டு என்று இன்று கடலியல் சொல்கிறது. ஆடிப் பழகிய உடம்புக்கு அது முடிந்திருக்கலாம். ஆனால் அதற்குமேல் கரையில் ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கைக்குப் பரணர் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார் என்றே படிக்கிறேன்.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் அந்தப் பெயர் இல்லை. வஞ்சின மாலையில் புகாரின் பத்தினிகளை வரிசைப்படுத்தும் கண்ணகி, கரிகாலன் மகள் புனலின் பின்னே போய்க் கூவியதாகவும், கடலே வந்து வஞ்சிக்கோனை அவள்முன் நிறுத்தியதாகவும் சொல்கிறாள். குறுந்தொகை 31இல் தன்னையும் அவனையும் ஆடுகளத்தவர் என்று சொல்லிக்கொண்ட ஆதிமந்தி இங்கே அரசகுமாரி, அவன் அரசன். கற்பின் வல்லமையை நிறுவ வந்த வரிசையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. காப்பாற்றியவள் மருதி என்றால் பெருமை கற்புக்குப் போகாது.

அச்சிலும் இந்த வரிசை தொடர்ந்தது. உ.வே.சா.வின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892. அகநானூறு இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. 1960இல் மன்னாதி மன்னன் வந்தபோதும் நாயகன் சேர இளவரசனே. ஆடுகளத்தவன் திரும்பி வரவில்லை.

நம் விமர்சனத்தில் இதைக் காவிய வளர்ச்சி என்று சொல்கிறோம். நான் இதை இழப்பு என்றே கணக்கிடுகிறேன். கெட்ட நோக்கத்தோடு யாரும் மருதியை நீக்கியிருக்க வேண்டியதில்லை. நான் என் நண்பர்களிடம் சொன்னது போலத்தான் நடந்திருக்கும்: கதை ஒரு ஆளோடு நின்றால் சொல்லச் சுலபமாக இருக்கிறது.

போன வருஷம் மறுபடி மலைக்குப் போனேன். படிக்கட்டில் அன்னாசி விற்றவர்களிடம் விசாரித்தேன். அப்படி இழுத்துப் போட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், உங்களை இழுத்தது யார் என்று எப்படிச் சொல்வது என்றார்கள்.