முதலில் காது, பிறகு கண்!

ஹாலிவுட்டில் பேசும் படம் பிறந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் ‘தி பிராட்வே மெலடி’ என்றொரு படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிரமாண்டமான பாட்டு. ஆட்டம், பாட்டம், ஆர்க்கெஸ்ட்ரா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து எடுத்து முடித்தாகிவிட்டது. போட்டுப் பார்த்தார் இர்விங் தால்பெர்க். வயது முப்பதைத் தொடவில்லை. ஆனால், ஸ்டூடியோவே அவர் கண்ணசைவில்தான் இயங்கியது.

ம்ஹூம். அவருக்குப் பிடிக்கவில்லை. நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். திரும்ப எடு என்று உத்தரவு போட்டுவிட்டார்.

திரும்ப எடுப்பதென்றால் சும்மாவா? மறுபடி அத்தனை வாத்தியக்காரர்களையும் கூப்பிட வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டும். மறுபடி முதலில் இருந்து வாசிக்க வேண்டும். எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, ஒலிப்பதிவுப் பிரிவின் தலைவர் டக்ளஸ் ஷீரர் ஒரு யோசனை சொன்னார். (இவர் நடிகை நார்மா ஷீரரின் அண்ணன். அந்த வகையில் தால்பெர்க்குக்கு மச்சான்!) படம்தானே சரியில்லை, சத்தம் நன்றாகத்தானே இருக்கிறது? அந்தச் சத்தத்தையே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆடுகிறவர்களை மட்டும் அதற்கு ஏற்ப ஆடச் சொல்லிப் படம்பிடித்தால் போதாதா?

போதும் என்று தெரிந்தது. 1929-ல் படம் வெளிவந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது.

இன்றைக்கு விஸ்காம் படிக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுக்கக் கிளம்பினால், முதல் வேலையாகப் பாட்டை ரெக்கார்டிங் பண்ணி முடிக்கிறார்கள். அப்புறம்தான் கேமரா, லொக்கேஷன், காஸ்ட்யூம் எல்லாம். ஸ்பாட்டில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், பையன் வாயசைப்பான். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அன்றைக்கு அது பெரிய விஷயம். சினிமா பாட்டின் தலையெழுத்தே அதில்தான் மாறியது.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி? கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். அதை மைக் கேட்டுவிடுமே! அதனால் கேமராவையும் கேமராமேனையும் சேர்த்து ஒரு கூண்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். சத்தம் வெளியே வராத கூண்டு என்றால், காற்றும் உள்ளே போகாத கூண்டு. பாவம், கேமராமேன் உள்ளே வெந்துபோவார். கேமரா நகராது. நடிகரும் மைக்கை விட்டு நகரக் கூடாது. மௌனப் படக் காலத்தில் மலை மேலும் ரயில் மேலும் ஏறிக் குதித்த சினிமா, பேச ஆரம்பித்ததும் சிலையாக நின்றுவிட்டது.

இந்தியாவில் இன்னும் வேடிக்கை. 1931 மார்ச் மாதம் வெளிவந்த முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’வை பம்பாயில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவில் எடுத்தார் அர்தேஷிர் இரானி. பகலில் ரயில் சத்தம். எனவே, ரயில்கள் அடங்கிய பிறகு நள்ளிரவில்தான் ஷூட்டிங். வாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் எங்கேயாவது ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். நடிப்பவர் நடித்துக்கொண்டே பாட வேண்டும். கடைசிச் சரணத்தில் தபேலாக்காரர் ஒரு தாளம் தப்பவிட்டால் போச்சு. முதலில் இருந்து ஆரம்பி!

அந்த வருஷம் அக்டோபரில் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் டி.பி.ராஜலட்சுமியில் ஆரம்பித்து, தமிழிலும் பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ, ஹீரோயின். முகம் சுமாராக இருந்தாலும் குரல் இருந்தால் ஓகே. தலைகீழாக இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முடிச்சு அவிழ்ந்தது கல்கத்தாவில். நியூ தியேட்டர்ஸில் இயக்குநராக இருந்தவர் நிதின் போஸ். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இசைக் கலைஞர் பங்கஜ் மல்லிக்கை அழைத்துப்போக அவர் வீட்டு வாசலில் காரில் காத்திருந்தாராம். ஹாரன் அடித்தும் ஆள் வரவில்லை. காரணம், பங்கஜ் மல்லிக் கிராமபோன் ரெக்கார்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அதோடு சேர்ந்து தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டு ரெக்கார்டில் இருந்து வருகிறது... வாய் இங்கே அசைகிறது... அட!

நிதின் போஸின் தம்பி முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். அண்ணன் சொன்னதைத் தம்பி செய்துகாட்டினார். 1935-ல் வங்காளியில் ‘பாக்ய சக்ர’, இந்தியில் ‘தூப் சாவ்ன்’. முன்பே பதிவு செய்த பாட்டுக்கு நடிகைகள் வாயசைத்தார்கள். பருல் கோஷ், சுப்ரபா சர்க்கார், ஹரிமதி என்று மூன்று பெண்கள் குரல் கொடுத்த அந்தப் பாட்டுதான் இந்தியப் பின்னணிப் பாடலின் ஆரம்பம். மூன்றே வருஷத்தில் அது நம்மூருக்கும் வந்தது. 1938-ல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில், நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் முதல் இரவல் குரல்!

இதனால் கிடைத்த முதல் லாபம், கேமராவுக்கு விடுதலை. மைக்கே இல்லாத இடத்தில் கேமரா எவ்வளவு சத்தம் போட்டால் என்ன? ஓடலாம், ஏறலாம், கிரேனில் பறக்கலாம். இரண்டாவது, பாட்டைத் துண்டு துண்டாக வெட்டலாம். பல்லவியின் முதல் வரி மெரினாவில், இரண்டாவது வரி ஊட்டியில். ‘ஷாட் டிவிஷன்’ என்கிற கலையே இங்கேதான் உயிர்பெற்றது. பாட்டை வினாடிக் கணக்கில் காகிதத்தில் எழுதி, எந்த வினாடியில் முகம், எந்த வினாடியில் கால், வயலின் வரும்போது என்ன, தவில் வரும்போது என்ன என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம். அதாவது, காதால் கேட்டுக்கொண்டே கண்ணுக்குத் திட்டம் போடுவது.

ஆனால் ஒரு சிக்கல். பாட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு துளி மாறினாலும் உதடு தனி, சத்தம் தனி. கேமராவோடு ஒத்துப்போகிற மாதிரி அச்சுப் பிசகாமல் ஓடும் கருவியைப் பலர் தேடினார்கள். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டீஃபன் குடெல்ஸ்கி 1951-ல் கையில் தூக்கிப் போகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைச் செய்தார். பெயர் நாக்ரா. நம்மூர் அவுட்டோர் யூனிட்களில் பல வருஷங்கள் டான்ஸ் மாஸ்டர் கத்திய வார்த்தை அதுதான்: “நாக்ரா... போடு!”

வேகத்தைத் தெரிந்தே மாற்றி விளையாடவும் செய்தார்கள். சினிமா கேமரா வினாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும். அதை 48 ஆக்கினால் ஸ்லோமோஷன். அப்போது வாயசைப்பு? பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு, கீச்சுக் குரலுக்கு அவசர அவசரமாக வாயசைக்க வேண்டும். திரையில் பார்த்தால் உதடு சரியாகப் பொருந்தும். தலைமுடியும் துணியும் மட்டும் கனவு மாதிரி மிதக்கும். 1983-ல் ‘தி போலீஸ்’ குழுவின் ஒரு பாட்டுக்கு காட்லி - க்ரீம் என்ற இரட்டையர்கள் மெழுகுவத்திகளுக்கு நடுவே இப்படித்தான் படம்பிடித்தார்கள்.

மாணவர்களுக்கு உதவும் கணக்கு ஒன்றும் உண்டு. சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரை கேமரா பக்கத்தில் வைத்துவிட்டு, ஆடுகிற பையனை 30 மீட்டர் தள்ளி நிறுத்தினால் பாட்டு அவனுக்கு இரண்டு ஃபிரேம் தாமதமாகப் போய்ச் சேரும். உதடும் இரண்டு ஃபிரேம் பிந்தும். ‘என்னமோ இடிக்குதே’ என்று எடிட்டிங்கில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கரைத் தூக்கி அவன் காலடியில் வையுங்கள்.

சரி, சினிமாவை விட்டு வெளியே வந்து, பாட்டு தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்த கதைக்கு வருவோம். 1975-ல் ‘குயின்’ குழு ‘பொஹிமியன் ராப்சடி’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. ஏறக்குறைய ஆறு நிமிஷம். குரல் மேல் குரலாக அடுக்கிப் பதிவு செய்ய வாரக்கணக்கில் ஆனது. டி.வி. நிகழ்ச்சியில் போய் நின்று அதற்கு வாயசைத்தால் அபத்தமாக இருக்கும் என்று, புரூஸ் கவர்ஸ் என்பவரை வைத்து வீடியோ எடுத்தார்கள். படப்பிடிப்பு எத்தனை நாள் தெரியுமா? நாலே மணி நேரம்! இருட்டில் நாலு முகங்கள் மேலே பார்க்கிற அந்த ஷாட், அவர்களுடைய பழைய ஆல்பத்தின் அட்டைப் படத்தில் இருந்து எடுத்தது. சத்தத்தில் வாரக்கணக்காக உழைத்தவனுக்குப் படம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

1981 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. ஆரம்பமானது. அப்புறம் வீடியோ இல்லாத பாட்டு விலைபோவது கஷ்டம் என்றாயிற்று. 1985-ல் நார்வே பையன்கள் ‘ஆஹா’ குழுவின் ‘டேக் ஆன் மீ’ வந்தது. பென்சில் கோட்டுச் சித்திரத்துக்குள் ஒரு பெண் இழுக்கப்படும் அந்த வீடியோவை இயக்கியவர் ஸ்டீவ் பேரன். படம்பிடித்ததன் மேல் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்தவர் மைக்கேல் பேட்டர்சன். சுமார் மூவாயிரம் ஃபிரேம். நாலு மாதத்துக்குக் கிட்டத்தட்ட வேலை. அவரை எப்படிப் பிடித்தார்கள்? கல்லூரியில் படிக்கும்போது அவர் எடுத்த ‘கம்யூட்டர்’ என்ற குட்டிப் படத்தைப் பார்த்துத்தான். மாணவர் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறவர்கள் கவனிக்க!

இவ்வளவு லாபத்துக்கும் ஒரு விலை இருந்தது. முகத்தையும் குரலையும் பிரித்தபோது, குரலுக்குச் சொந்தக்காரர் காணாமல்போனார்.

1949-ல் ‘மஹல்’ படத்தில் மதுபாலாவுக்கு ஒரு குரல். கேட்டவர்கள் சொக்கிப்போய் ரெக்கார்டை வாங்கிப் பார்த்தால், பாடியவர் ‘காமினி’ என்று போட்டிருந்தது. காமினி என்பது கதாபாத்திரத்தின் பெயர்! உண்மையில் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஹாலிவுட்டிலும் இதே கதைதான். ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’யில் நடாலி உட்டுக்கும், ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெபர்னுக்கும் பாடிய மார்னி நிக்சனின் பெயர் டைட்டிலில் கிடையாது. உச்சகட்ட வேடிக்கை 1952-ல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’. இரவல் குரல் கொடுக்கும் ஏழைப் பெண்ணுக்கு நியாயம் கிடைப்பதுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டுக்கு இரவல் குரல். பாடியவர் பெட்டி நாய்ஸ். அவர் பெயரும் டைட்டிலில் வரவில்லை!

லதா சும்மா இருக்கவில்லை. பின்னணிப் பாடகர்களுக்கு விருதே தராத ஃபிலிம்ஃபேர் விழாவில் பாட மாட்டேன் என்றார். 1959-ல் அந்த விருது பிறந்தது; முதல் விருது அவருக்கே. தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருது, 1968-ன் படங்களுக்காகக் கொடுக்கப்பட்டபோது வாங்கியவர் நம் பி.சுசீலா. படம் ‘உயர்ந்த மனிதன்’. லலிதா வெங்கட்ராமன் முகம் காட்டாமல் பாடியதற்குச் சரியாக 30 வருஷம் கழித்து.

எனவே தம்பி, தங்கைகளே... பாட்டை முதலில் முடியுங்கள். வினாடி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைப் பக்கத்தில் வையுங்கள். கடைசியில் டைட்டில் கார்டு போடும்போது, ஹாஸ்டல் ரூமில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உங்களுக்காகப் பாடிக்கொடுத்தாளே ஒரு கிளாஸ்மேட்... அவள் பெயரை, உங்கள் பெயர் போட்ட அதே எழுத்து சைஸில் போடுங்கள்!